குவைத்திலிருந்து வந்த குரல்

தொண்டி ஸ்டூடியோவின் சன்னல் வழியாக மதிய வெயில் கீபோர்டில் விழுகிறது. கணவர் குவைத்திலிருந்து அனுப்பிய வீடியோ சி.டி.யை மெஹருன்னிசா கொண்டுவந்திருக்கிறாள். “மாமிக்குக் காது மந்தம்ண்ணே. அந்த ஏசி இரைச்சலை எடுத்துட்டு அவுக பேச்சை மட்டும் கூட்டிக் குடுங்க.” எடிட்டர் நாகநாதன் மவுஸை மெல்ல நகர்த்துகிறார். இரைச்சல் கொஞ்சம் கொஞ்சமாக அடங்க, ஸ்பீக்கரில் குரல் தெளிகிறது. “உம்மா, நான் இங்கன சொகமா இருக்கேன்.” ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் அவருக்கு மூச்சுத் திணறுவதும் இப்போது கேட்கிறது. திரையில் அவர் சிரித்தபடியே இருக்கிறார். நாகநாதன் நிறுத்தப் போகிறார். “ஓடட்டும்ண்ணே” என்று நாற்காலியை ஸ்பீக்கர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, அவர் ஸலாம் சொல்லி முடிக்கும்வரை கேட்கிறாள். பிறகு முந்தானையைச் சரிசெய்துகொள்கிறாள். “மாமிக்குப் பழைய மாதிரியே இரைச்சலோட போட்டுக் குடுங்க. இது எங்கிட்ட இருக்கட்டும்.”