நட்டில் வைத்த சிவப்புப் பொட்டு

"சாலிஹ் பூட்டின எஞ்சினா இது? கொல்லன் பட்டறை ஒண்டு தெருவால வருதெண்டெல்லோ நெனச்சன்!"

பஸ் முதலாளி முகைதீன்பாவா தேத்தண்ணிக் கடை வாசலில் நின்று உரக்கச் சொன்னார். கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எதிரே மெக்கானிக் சாலிஹின் பட்டறை. அவன் காதில் விழவேண்டும் என்றுதான் அவர் சொன்னதே.

முழுதாகக் கழற்றி, தேய்ந்ததையெல்லாம் மாற்றி, சாலிஹ் புதிதுபோலப் பூட்டிக் கொடுத்த மோட்டார் சைக்கிள் அது. 'டக்... டக்... டக்' என்று காத்தான்குடித் தெருவை எழுப்பிக்கொண்டு வந்து நின்றது.

இறங்கியவர் இன்ஸ்பெக்டர் பிலிப்பு. இரண்டாம் உலக யுத்த காலம். பெர்மிட் இல்லாமல் ஊர்விட்டு ஊர் அரிசி கொண்டுபோகிறவர்களைப் பிடிப்பது அவர் வேலை.

"திரும்பவும் சத்தமா ஐயா?"

"ஓம் சாலிஹ். பரவால்ல, ஓடுதுதானே. விடுங்க."

"உங்களுக்குப் பரவால்ல. முதலாளிர பஸ் எஞ்சின் கழட்டக் கிடக்கு. இந்தச் சைக்கிள் சத்தமில்லாம ஓடினாத்தான் அந்த வேலை எனக்கு எண்டுட்டார். ஒரு வருசமா அதுக்குத்தான் காத்துக் கிடக்கன்."

எஞ்சினை ஓடவிட்டு, ஸ்குரூ முடுக்கும் நீண்ட திருப்புளியின் நுனியை அதன்மேல் ஊன்றி, பிடியைக் காதோடு வைத்துக் கண்ணை மூடினான். அடியில் வைத்துக் கேட்டான். கிராங்கில் குற்றமில்லை. நடுவில் வைத்தான். பிஸ்டன் சுத்தம். வால்வுப் பக்கம் வைத்ததும் காதுக்குள் குத்தியது.

மூடியைக் கழற்றினான். வால்வுக்கும் அதைத் தள்ளும் கம்பிக்கும் நடுவே ஒரு கடதாசி நுழையும் இடம்தான் விட்டிருந்தான். இப்போது நாலு கடதாசி நுழைந்தது.

"நான் இறுக்கின நட்டு தானாக் கழராது ஐயா."

இன்ஸ்பெக்டர் ஊருக்குப் பின்னால் கிடந்த வாவிப் பக்கம் பார்த்தார்.

சாலிஹ் மறுபடி அளவு வைத்து இறுக்கினான். இந்த முறை நட்டிலும் கம்பியிலும் சேர்ந்து படும்படி சிவப்புப் பெயின்ட்டில் ஒரு பொட்டு வைத்தான். நட்டை அசைத்தால் பொட்டு பிளந்து காட்டிக் கொடுத்துவிடும்.

எஞ்சின் தையல் மெஷின்போல ஓடியது. இன்ஸ்பெக்டர் முகத்தில் மட்டும் சந்தோசத்தைக் காணவில்லை.

அடுத்த கிழமை 'டக்... டக்' திரும்பி வந்தது. தேத்தண்ணிக் கடையில் சிரிப்பும் திரும்பி வந்தது.

சாலிஹ் திறந்து பார்த்தான். பொட்டு பிளந்திருந்தது. நட்டின் மூலையில் ஸ்பானர் கடித்த அடையாளம்.

"ஐயா, இதில ஆரோ கை வெச்சிருக்கான். என்ட பேரைக் கெடுக்கவெண்டே செய்யிறான்."

"சே, அப்பிடி ஆர் செய்யப் போறான்?"

"அதைத்தான் பாக்கப் போறன். இறுக்கிப்போட்டு இண்டைக்கு உங்களோட நானும் வாறன். இந்தச் சைக்கிளுக்குக் கிட்ட ஆர் வாறானெண்டு பாப்பம்."

வேண்டாம், வெயில், வீண் அலைச்சல் என்று இன்ஸ்பெக்டர் என்னென்னவோ சொல்லிப் பார்த்தார். சாலிஹ் நட்டை இறுக்கிவிட்டுப் பின்னால் ஏறி உட்கார்ந்துகொண்டான்.

குருக்கள்மடம் கிராமத்தில் தோணித்துறைக்கு இறங்கும் ஒடுங்கிய ஒழுங்கையில் சைக்கிள் பூனைபோலப் போனது. சாலிஹுக்குப் பெருமை தாங்கவில்லை.

"சத்தம் ஏதும் கேக்குதா ஐயா?"

"இல்ல," என்றார் இன்ஸ்பெக்டர். "அதுதான் வில்லங்கம்."

வளைவில் திரும்பியதும் நேர் எதிரே ஒரு பெண் நின்றாள். அக்கரையிலிருந்து தோணியில் வந்தவள். தலையில் ஓலைப்பெட்டி. மூடியிருந்த துணி காற்றில் விலகி அரிசி தெரிந்தது. ஒளிக்க நேரமில்லை. ஓட வழியில்லை.

"ஐயா... இண்டைக்குச் சத்தம் கேக்கல்லையே ஐயா!" என்று அவரிடமே முறையிட்டாள். "புள்ளையளுக்குக் கஞ்சி வெக்கத்தான் ஐயா."

இன்ஸ்பெக்டர் எஞ்சினை நிறுத்தினார். இறங்கி, அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குந்தினார்.

"சாலிஹ், சைக்கிள் நிண்டுபோச்சு. என்னெண்டு பாருங்க."

"நீங்கதானே ஐயா நிப்பாட்டினீங்க?"

"குனிஞ்சு பாருங்க எண்டன்."

சாலிஹ் குனிந்தான். இன்ஸ்பெக்டர் காற்சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன ஸ்பானரை எடுத்தார். அதன் வாயில் காய்ந்த சிவப்புப் பெயின்ட் ஒட்டியிருந்தது.

சாலிஹ் ஸ்பானரைப் பார்த்தான். பிறகு அவர் முகத்தைப் பார்த்தான்.

"கண்டா நான் பிடிக்கத்தான் வேணும் சாலிஹ்," என்றார் அவர் மெல்ல. "முன்னுக்கே சத்தம் கேட்டு அவங்க ஒளிச்சிட்டா, நான் காணமாட்டன். உங்கட பேர் கெடுறது எனக்கும் விளங்குது. வேற வழி தெரியல்ல."



இருவரும் நிமிர்ந்தபோது ஒழுங்கையில் யாருமில்லை. வாவியோரத்துக் கண்ணாப் புதரில் ஒரு கிளை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை தெரு முழுவதும் 'டக்... டக்... டக்.'

"என்னகா சாலிஹ், முந்தியை விட மோசமாக் கிடக்கு!" முகைதீன்பாவா கடைக்குள் இருந்தவர்களைத் திரும்பிப் பார்த்துக் கண்ணடித்தார். "இது ஆர்ட பிழை? சைக்கிள்ர பிழையா, உன்ட கைப் பிழையா?"

"என்ட கைப் பிழைதான், முதலாளி நானா."

"அப்ப என்ட பஸ்ஸை ஏறாவூர் மெக்கானிக்கிட்டத்தான் அனுப்ப வேணும்."

"அனுப்புங்க நானா. எனக்கு இவ்வளவுதான் ஏலும்."

கடை சிரித்தது. சாலிஹ் தலை குனிந்து கையைத் துடைத்தான்.

அன்று விடியற்காலை அந்த நட்டைத் தளர்த்தியது இன்ஸ்பெக்டர் அல்ல. எஞ்சினுக்கு ஒரு கெடுதியும் வராமல், ஆனால் சத்தம் துறையடிவரைக்கும் போய்ச் சேரும்படி அளந்து வைத்து, அதன்மேல் புதிதாக ஒரு சிவப்புப் பொட்டும் வைத்து அனுப்பியவன் சாலிஹ்.