கம்பத்தடி விவாதம்

ஒரு தெருவில் ஒரு விளக்குக் கம்பம் இருந்தது. அந்தத் தெரு நாய்கள் தங்கள் கருத்தையெல்லாம் காலைத் தூக்கி அதன்மேல்தான் பதிவு செய்யும். அடுத்து வருகிறவன் மோந்து பார்ப்பான். பிடிக்காவிட்டால் அதன்மேலேயே பதிலையும் போட்டுவிட்டுப் போவான்.

ஒருநாள் காலையில் பக்கத்துத் தெரு நொண்டி நாய் மூச்சிரைக்க வந்து குரைத்தது.

"ஓடுங்கண்ணே! நாய் பிடிக்கிற வண்டி வருது!"

கம்பத்தடியில் படுத்திருந்த செவலை சீறியது. "யார்ரா நீ? அசலூர்க்காரன் எங்க தெருவுல எப்படிக் குரைக்கலாம்?"

"குரைப்பது நாயின் பிறப்புரிமை" என்று எழுந்து நின்றது பக்கத்தில் கிடந்த சாம்பல் நிற நாய். அதற்குக் கொள்கைப் பிடிப்பு அதிகம். "அவன் என்ன வேணா பேசட்டும்."

"பேசிட்டேண்ணே. வண்டி..."

"நீ சும்மா இருப்பா! உனக்காகத்தான வாதாடிட்டிருக்கேன்!"

செவலை கம்பத்தில் ஒரு மறுப்புப் போட்டது. சாம்பல் அதற்கு மேலே நீளமாக ஒரு விளக்கம் போட்டது. இரண்டுக்கும் சரக்கு தீர்ந்ததும் வாய்ச்சண்டை ஆரம்பித்து, "உங்கப்பன் எந்தத் தெருடா?" வரைக்கும் போய்விட்டது. அதற்குள் வண்டி வந்து நின்று, சுருக்குக் கயிறோடு இரண்டு பேர் இறங்கினார்கள். நொண்டி சந்துக்குள் நழுவியது.

கூண்டுக்குள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தபோது செவலை சொன்னது: "பாத்தியா, பதில் சொல்ல முடியாம பாதியிலயே ஓடிட்டான்."

சாம்பல் முதல்தடவையாக அதன் கருத்தை ஒத்துக்கொண்டது.

"ஆமாடா. இவனுக்கெல்லாம் எதுக்குப் பேச்சுரிமை?"