சீட்டுக்கடியில் ஒரு மேப்

"அந்தப் பிள்ளைய இன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிருங்க சார். சொன்ன பேச்சைக் கேக்காத ஆளு விமானத்துக்கு ஆகாது."

கேப்டன் தாணுலிங்கம் மேஜையில் போட்டது ஒரு காகித மேப். துணை விமானி ஜெர்லினின் சீட்டுக்கடியில் இருந்ததாம்.

மேனேஜர் முஜாஹித் தலையில் கை வைத்துக்கொண்டார்.

தூத்துக்குடி விமான நிலையத்தில் அவர்கள் கம்பெனிக்கு இருப்பது ஒரே ஒரு குட்டி விமானம். கடற்கரையை மேலிருந்து படம் பிடிக்கிற வேலை. இனிமேல் காகித மேப் கூடாது, வழி பார்ப்பதெல்லாம் டேப்லெட்டில்தான், மீறினால் வேலை போகும் என்று தலைமை அலுவலகம் உத்தரவு போட்டு மூன்று மாதமாகிறது. நேற்று சோதனைக்கு வந்த அதிகாரி கையில்தான் இந்த மேப் அகப்பட்டது. யாருடையது என்று அவர் கேட்டு முடிப்பதற்குள் ஜெர்லின் கையைத் தூக்கிவிட்டாள்.

முஜாஹித்துக்குப் பாவமாகத்தான் இருந்தது. அடுத்த வாரம் அவளுக்கு வேலை நிரந்தரமாகவேண்டிய நேரம். ஆனால் கேப்டன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறதே!

ஐம்பத்தெட்டு வயது மனிதர். இந்த டேப்லெட் விஷயத்தில் இவர்தான் முதல் ஆளாக முரண்டு பிடிப்பார் என்று முஜாஹித் பயந்துகொண்டிருந்தார். நடந்தது நேர்மாறு. "காகிதம் இனி வடை மடிக்கத்தான் லாயக்கு" என்று மீட்டிங்கில் எழுந்து சொல்லிக் கைதட்டு வாங்கியவர் அவர். டேப்லெட்டைத் தொடையில் கட்டிக்கொண்டு அவர் விமானத்துக்கு நடந்துபோகிற அழகை, சென்னை விமானத்துக்குக் காத்திருக்கும் சனம் கண்ணாடிக்குள்ளிருந்து வேடிக்கை பார்க்கும்.

ஜெர்லினைக் கூப்பிட்டார்கள். வந்து தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

"ஏம்மா, உங்கப்பா மனுவேலு வல்லத்துலயே ஜிபிஎஸ் வச்சுக்கிட்டுத்தான் மீன் பிடிக்கப் போறாரு. நீ ஆகாசத்துல காகிதத்தைப் பிரிச்சு வச்சுக்கிட்டு உக்காந்திருக்கியா?" என்றார் முஜாஹித்.

"தப்புதான் சார்."

"டேப்லெட் ஓட்டிப் பழகலையா?"

"அதெல்லாம் நல்லாப் பழகிட்டு சார்."

"பெறவு எதுக்கு இது?"

ஜெர்லின் ஒரு நொடி யோசித்தாள். "ஒரு தைரியத்துக்குத்தான் சார்."

"தைரியமில்லாத ஆளுக்கு இங்கன என்ன சோலி?" கேப்டன் விடவில்லை. "நாளைக்கே மதுரையில இருந்து வேற ஆளை வரச் சொல்லிருங்க சார்."

முஜாஹித் பெருமூச்சு விட்டார். எத்தனையோ வருஷம் ஷார்ஜா விமான நிலையத்தில் குப்பை கொட்டியவர். விதி என்றால் விதிதான் என்று அங்கேயே ஊறிப்போன மனிதர்.

"சரி கேப்டன், உங்க இஷ்டப்படியே இவளை நிப்பாட்டிருவோம். ஆனா வேற ஆளு உடனே கிடைக்காது. ரெண்டு மூணு மாசம் நீங்க தனியாத்தான் ஓட்டணும்."

"தனியாவா?"

"ஒத்த ஆளு ஓட்டுற விமானம்தானே, சட்டப்படி தப்பில்ல. டேப்லெட்டும் உங்களுக்குத் தண்ணிபட்ட பாடு. பெறகென்ன?"

கேப்டன் தொப்பியைக் கழற்றினார். நெற்றியைத் துடைத்தார். ஏசி நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

"சின்னப் பிள்ள சார்," என்றார் குரலை இறக்கி. "மொதத் தப்பு. மன்னிச்சு விட்டுருவோம்."

"இப்பத்தானே வீட்டுக்கு அனுப்பச் சொன்னீங்க?"

"ஒரு கோவத்துல சொல்லிட்டேன். என் மக வயசு சார் அவளுக்கு. ஒரு குடும்பத்து வயித்துல அடிச்ச பாவம் எனக்கெதுக்கு? தலைமை அலுவலகத்துல நானே பேசுதேன். வேலைய நிரந்தரமாவே ஆக்கிருங்க."

முஜாஹித் கைக்குட்டையை எடுத்தார். கண்டிப்பானவர் என்று நினைத்தால் உள்ளே இப்படி ஒரு மனசா!

"கேப்டனுக்கு நன்றி சொல்லும்மா," என்றார்.

"ரொம்ப நன்றி சார்," என்றாள் ஜெர்லின். அவள் உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்து மறைந்ததை முஜாஹித் கவனிக்கவில்லை. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

இருவரும் விமானத்துக்குப் போன பிறகுதான் கேப்டனின் தொப்பி மேஜையிலேயே கிடப்பதைப் பார்த்தார். அதைக் கொடுத்துவிட்டு, அந்த நல்ல மனிதரின் கையை ஒருமுறை குலுக்கிவிட்டு வரலாம் என்று வெயிலில் நடந்தார்.

விமானத்தின் கதவு திறந்திருந்தது. என்ஜின் இன்னும் கிளம்பவில்லை. உள்ளே கேப்டன் டேப்லெட் கண்ணாடிமேல் ஒரு பிளாஸ்டிக் ஸ்கேலை வைத்து அளந்துகொண்டிருந்தார்.

"ஏளா ஜெர்லினு, இங்கன பாரு. காலையில அளந்தப்ப வேம்பார் இருபது மைலு. இப்ப அம்பதுங்குது. வேம்பார் என்ன தள்ளித் தள்ளிப் போவுதா?"

"சார், டேப்லெட்டுல ஸ்கேல் வச்சு அளக்காதீங்கன்னு எத்தன தடவ சொல்லுதேன்? வெரலு பட்டா படம் பெருசாயிரும்லா."

"கருமம். அதை அங்கிட்டு வையி. நம்மளத எடு."

ஜெர்லின் தன் பைக்குள்ளிருந்து இன்னொரு காகித மேப்பை எடுத்து அவர் மடியில் விரித்தாள். கேப்டன் அதன்மேல் ஸ்கேலை வைத்து பென்சிலால் ஒரு கோடு இழுத்தார். போன உயிர் திரும்பி வந்தது.

தொப்பியும் கையுமாக முஜாஹித் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"அந்த மேனேஜர்கிட்ட மல்லுக்கட்டி ஒன் வேலையக் காப்பாத்துறதுக்குள்ள எனக்குப் போதும் போதும்னு ஆயிட்டு," என்றார் கேப்டன், மேப்பிலிருந்து கண்ணை எடுக்காமல். "இனிமேலாவது இதை ஒழுங்கா ஒளிச்சு வைக்கப் படி."