முப்பது அடிக்குள் ஒரு சேவல்

முப்பதாவது அடி நேராகப் போய்ப் பக்கத்து வீட்டு நர்சம்மாவின் படுக்கையறை ஜன்னலுக்குக் கீழே முடிந்தது.

தையல்காரி டேப்பைச் சுருட்டிக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். ஐந்தடி டேப்பை மாற்றி மாற்றி வைத்துக் குனிந்ததில் இடுப்பு விட்டுப்போயிருந்தது. போகட்டும். ஆள் அகப்பட்டுவிட்டாள்.

நகரத்துக்குள் ஆறு கோழி வரைக்கும் வளர்க்கலாம். கூடு அடுத்த வீட்டுச் சுவரை ஒட்டி இருக்கக் கூடாது. சேவல் கூடவே கூடாது. கூட்டிலிருந்து முப்பது அடிக்குள் குடியிருக்கிறவர் புகார் சொன்னால்தான் அதிகாரி வருவார். சொன்னது யார் என்று மட்டும் வாயைத் திறக்கமாட்டார். சேவலைப் பற்றிப் புகார் வந்திருப்பதாக நோட்டீஸ் கிடைத்ததும் நகராட்சி அலுவலகத்துக்கே போய், அங்கே இருந்தவரைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டு வந்திருந்தாள்.

பேரைச் சொல்லாவிட்டால் என்ன? அளவைச் சொல்லிவிட்டார்களே. அளவைக் கொடுத்தால் ஆளைக் கண்டுபிடிக்க அவளுக்கா தெரியாது?

இடது பக்கத்து வீடு அளவுக்கு வெளியே போய்விட்டது. பின் வீடு பூட்டிக் கிடக்கிறது. மிச்சம் நர்சம்மா. குப்பைத்தொட்டி வைக்கிற இடத்துக்காகச் சண்டை போட்டு, வருஷக்கணக்காகப் பேச்சுவார்த்தை இல்லாத நர்சம்மா.

சேவல்தான் வேண்டும் என்று அவள் வளர்க்கவில்லை. எல்லாம் பெட்டை என்று சத்தியம் செய்து விற்றவன் ஏமாற்றிவிட்டான். அதிலும் நோஞ்சான் குஞ்சு. மெஷின் விளக்கடியில் வைத்து, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் ஊட்டிப் பிழைக்க வைத்தாள். கொண்டை வளர்ந்து, ஒரு விடியலில் அது கூவியபோதுதான் குட்டு வெளிப்பட்டது. அதற்குள் பாசம் வந்து தொலைத்திருந்தது. இப்போது அவள் தைக்க உட்கார்ந்தால் அதுவும் வந்து காலடியில் உட்காரும். பகல் முழுக்க அந்த வீட்டுக்குள் அவளுக்குத் துணை அது ஒன்றுதான்.

நகராட்சி வண்டியில் ஏறிய சேவல் திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை.

அவள் வீட்டுக்காரர் பஸ் ஓட்டுகிறவர். கடைசி டிரிப் முடித்து வந்து படுக்கப் பாதி ராத்திரி ஆகிவிடும். நர்சம்மாதானே என்று கேட்டாள், தலையை ஆட்டினார். முந்தின நாள் இடது பக்கத்து வீட்டுக்காரரா என்று கேட்டபோதும் ஆட்டினார். கல்லுளிமங்கன். கல்யாணமான நாளிலிருந்து அவர் எதையும் வேண்டாம் என்று சொன்னதில்லை. கண் மட்டும் சிவந்துபோய்க் கிடந்தது. பாவம், சேவலை நினைத்து அவருக்கும் தூக்கம் போய்விட்டது என்று அவளுக்கு மனசு இளகியது. அந்தப் பாவமும் நர்சம்மாவைத்தான் போய்ச் சேரும்.

மறுநாள் காலையில் வாசலில் பைக் நிற்கிற சத்தம் கேட்டதுமே சேவலைத் துணிக்கூடைக்குள் கவிழ்த்தாள். கழுத்தை நிமிர்த்த இடம் இல்லாவிட்டால் சேவலால் கூவ முடியாது. கூடையைச் சுற்றித் தைக்க வந்த மூட்டைகளை அடுக்கினாள்.

அதிகாரி கூட்டை எட்டிப் பார்த்தார். கோழிகளை எண்ணினார். தையல் அறையை நிலைப்படியில் நின்றே பார்த்துவிட்டுத் திரும்பினார். அவளோ கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு நர்சம்மாவையே பார்த்தாள். மதிலுக்கு அந்தப் பக்கம் துணி உலர்த்துகிறாளாம். ஒரே துண்டை ஒரு மனுஷி எத்தனை தரம் உதறுவாள்?

அதிகாரி நேரே நர்சம்மாவிடமே போய்ச் சேவல் சத்தம் உண்டா என்று கேட்டார். தையல்காரி மதிலோரமாக நகர்ந்தாள்.

"சேவலா? நைட் டூட்டி பார்த்துட்டுப் பகல்ல தூங்குறவ நான். அப்படி ஒண்ணு இருந்தா முதல் ஆளா நானே உங்ககிட்ட வந்திருப்பேன் சார்."

பச்சைப் பொய். முந்தின நாள் சாயங்காலம்கூட மதில்மேல் ஏறி நின்ற சேவலை இவள்தான் கைதட்டி விரட்டினாள்.

எதற்குப் பொய் சொல்கிறாள்? குப்பைத்தொட்டி இடத்தை விட்டுக்கொடுக்கச் சொல்லுவாளோ? அப்புறம், இவள் இல்லையென்றால் வேறு யார்?

அதிகாரி கிளம்பினார். வழியனுப்ப வீட்டுக்காரர் வாசல்வரை கூடப் போனார். தையல்காரி சமையலறைக்குப் போய்த் தண்ணீர் மொண்டாள். அங்கே இருக்கும் ஜன்னல் வாசல் பக்கம் திறக்கும்.

"மெஷின் பக்கத்துல, மூட்டைக்கு நடுவுல பாருங்க சார். விடியறதுக்கு முன்னாடியே எழுப்பி விட்டுடுது, அப்புறம் தூக்கமே வரமாட்டேங்குது. போன வாரம் ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டே கண்ணு அசந்துட்டேன். வண்டி நிறைய ஆளுங்க சார். நான்தான் புகார் கொடுத்தேன்னு மட்டும் அவளுக்குத் தெரிய வேணாம், தாங்கமாட்டா."

அவர் குரல்தான். இத்தனை வார்த்தைகளைச் சேர்ந்தாற்போல அவர் பேசி அவள் கேட்டதே இல்லை.

தம்ளரை வைத்தாள். சேவல் போகிறதே என்றா, இத்தனை நாளும் இந்த மனுஷன் தூங்காமல் பஸ் ஓட்டினாரே என்றா, எதற்கு முதலில் அழுவது என்று தெரியவில்லை.

உள்ளே போய் மூட்டைகளைத் தள்ளினாள், கூடையைத் தூக்கினாள். அதிகாரி திரும்பி வந்து படியேறுவதற்குள் சேவலை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டாள். ஒளித்துவைத்தது தப்புதான், மனசு கேட்கவில்லை, கொண்டுபோங்கள் என்று அவர் கையிலேயே கொடுத்தாள்.

வீட்டுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. நர்சம்மா வீட்டுப் பக்கம் திரும்பி, புகார் கொடுத்தவள் உருப்படவே மாட்டாள் என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி திட்டினாள். அவளுக்கு எதுவும் தெரியாது என்று வீட்டுக்காரர் நம்ப, அது அவர் காதில் நன்றாக விழ வேண்டும்.