சம்பந்தி தொடாத மங்கு

"வேண்டாம்" என்று கள்ளு ஊற்றிய மங்குக் கிண்ணத்தைக் கையால் ஒதுக்கினார் முனியாண்டி.

கள்ளுக்கடையில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

தட்டு மாற்றிய கையோடு சம்பந்திகள் இரண்டு பேரும் கள்ளுக்கடைக்கு வந்து, ஒரே மங்கில் ஆளுக்குப் பாதி குடிப்பது அந்தத் தோட்டத்து வழக்கம். குடித்தால்தான் கல்யாணப் பேச்சு உறுதி. பெண்ணைப் பெற்ற சின்னையா மங்கை நீட்டியபடி நின்றார். மாப்பிள்ளையின் அப்பா முனியாண்டி அதைத் தொடவே இல்லை.

"சும்மா ஒரு வாய் லா, அண்ணே" என்றான் அந்தத் தோட்டத்து மேஸ்திரி, மண்டோர் பக்கிரிசாமி.

"நானும் குடிக்கல, அவரும் குடிக்கக் கூடாது. குடிக்கிற சம்பந்தி எனக்கு வேணாம். அப்படித்தான்னா இப்பவே சொல்லிடுங்க, அடுத்த பஸ்ஸுக்குப் போய்ட்டே இருக்கேன்."

பக்கிரிசாமிக்குச் சுருக்கென்றது.

"பொண்ணு கொடுக்கிறவன்னா அவ்வளவு இளக்காரமா? தன் ஊரு புக்கிட் செலம்பாவுல இவரு வந்து உக்காராம கள்ளுப் பானையையே தொறக்க மாட்டாங்களாம். இங்க வந்து சாமியார் வேஷம்!"

கடை முழுக்கச் சிரித்தது.

சின்னையா மங்கைக் கீழே வைத்தார். முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. ஆனால் அந்த அவமானத்துக்கு அடியில் ஒரு மூச்சு நிம்மதியாக இறங்கியதை அவர் மட்டுமே அறிவார்.

அவர் இடுப்பைச் சுற்றிப் படர்தாமரை. எந்தக் களிம்புக்கும் அடங்காமல், கூலிம் ஆஸ்பத்திரிக்குப் போய், புதிதாக வந்த மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிறார்.

"வெறும் வயித்துல போடாதே. எண்ணெய், தேங்காய்ப்பால் சேர்ந்த சாப்பாட்டோட போடு. படை மறைஞ்சாலும் நாங்க சொல்ற வரைக்கும் நிறுத்தாதே. கள்ளு மட்டும் கூடவே கூடாது. முகம் சிவந்து, நெஞ்சு படபடன்னு அடிக்கும்" என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அன்று காலையில் மனைவி மருதம்மாள் கேட்டாள்:

"நேத்தும் மாத்திரை போடலியா நீங்க?"

"இன்னைக்குக் கள்ளு குடிச்சாகணுமே. ரெண்டு நாள் போடாம இருந்தா ஒண்ணும் ஆவாது."

"அத நீங்களா சொல்லிக்கிட்டா? நிறுத்தினா திரும்ப வரும்னாங்கல்ல. பேசாம சம்பந்திகிட்ட விஷயத்தச் சொல்லிடுங்க."

"படைக்காரன் வீட்டுப் பொண்ணு வேணாம்னு எழுந்து போயிடுவாரு. நம்ம பிரேமாவதி கதி? அவரு இடத்துல நான் இருந்தா மட்டும்..."



போன மாதம் பட்டதே போதும். அவசரகாலம். காட்டுக்குள் ஒளிந்து சண்டை போடும் கம்யூனிஸ்ட்டுகளுக்குச் சோறோ மருந்தோ போய்விடக் கூடாது என்று கூலிம் ரோட்டில் சோதனைச் சாவடி. பஸ்ஸை நிறுத்தி எல்லாரையும் வரிசையில் நிற்க வைத்தார்கள். ஐசி என்ற அடையாள அட்டையை வாங்கிய போலீஸ்காரர் பெயரையும் தோட்டத்தையும் உரக்கப் படித்துவிட்டு, மடியிலிருந்த பொட்டலத்தைப் பிடுங்கினார்.

"சின்னையா! யாருக்கு இந்த மாத்திரை? காட்டுக்கா?"

"எனக்குத்தான், துவான்."

"நல்லாத்தானே இருக்கே? இங்கயே விட்டுட்டுப் போ."

விட்டுவிட்டுப் போயிருந்தால் அதோடு முடிந்திருக்கும். சின்னையா ஒரு கணம் யோசித்தார். பிறகு அத்தனை பேர் முன்னாலும் சட்டையைத் தூக்கி இடுப்பைக் காட்டினார்.

"இதுக்குத்தான், துவான். நடுவுல நிறுத்தக் கூடாதாம். கள்ளுகூடக் குடிக்கக் கூடாதாம்."

"கள்ளு குடிக்காத தோட்டக்காரனா!" என்று போலீஸ்காரர் சிரிக்க, வரிசையும் சிரித்தது. பொட்டலம் திரும்பக் கிடைத்தது. சின்னையா யார் முகத்தையும் பார்க்கவில்லை. தோட்டத்து ஆட்கள் யாரும் அங்கே இல்லை என்பது ஒன்றுதான் ஆறுதல்.

இப்போது கள்ளுக்கடையிலிருந்து பஸ் நிற்கும் இடம் வரை சம்பந்திகள் இரண்டு பேரும் நடந்தார்கள். தூரத்தில் பஸ் தெரிந்ததும் சின்னையாவால் அடக்க முடியவில்லை.

"இப்படி எல்லார் முன்னாலயும் தலகுனிய வச்சிட்டீங்களே. நாலு பேருக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"என்னைத் திட்டுங்க. திமிர் புடிச்ச சம்பந்தின்னு சொல்லுங்க. பக்கிரிசாமி ஏற்கெனவே ஆரம்பிச்சிட்டாரு, அவரோட சேந்துக்குங்க." முனியாண்டி சிரித்தார். "மாத்திரைய மட்டும் நிறுத்திடாதீங்க."

சின்னையாவின் கை தானாக இடுப்புக்குப் போனது.

"என்ன மாத்திரை?"

"மாத்திரை எல்லாம் முடிஞ்சதும் நானே வரேன். அதே மங்கு, ஆளுக்குப் பாதி. பக்கிரிசாமி ஊத்தட்டும்."

"உங்களுக்கு யாரு சொன்னா?"

பஸ் வந்து நின்றது. முனியாண்டி படியில் ஏறிக்கொண்டே திரும்பினார்.

"போன மாசம் உங்களப் பத்தி விசாரிக்கணும்னுதான் கிளம்பி வந்தேன், சம்பந்தி. சாவடி வரிசையில உங்களுக்குப் பின்னால நின்ன ஆளு நான்தான். அதுக்கு மேல விசாரிக்க என்ன இருக்குன்னு, அப்படியே வீட்டுக்குத் திரும்பிட்டேன்."