தம்பி, முட்டியைப் பாரு

தலைமைத் தேர்வாளர் எவ்வளவு நன்றாக நடிக்கிறார் என்று அலுப்பையும் மீறி அவள் வியந்தாள். அவருடைய முன்கால் முட்டி உள்பக்கமாகச் சாய்ந்திருந்தது. வாளை விளக்குமாற்றைப் பிடிப்பதுபோல் இறுக்கிப் பிடித்திருந்தார்.

வாள்சண்டைப் பள்ளியில் அவருக்கு மின்னல் என்று பெயர். மின்னலே இப்படி நிற்க வேண்டுமென்றால் அதற்கும் ஒரு திறமை வேண்டும்.

உதவிப் பயிற்றுநர் தேர்வின் முறையே அப்படித்தான். தேர்வாளர் கற்றுக்கொள்ள வந்த புதுப் பையனாக வேஷம் கட்டி, வேண்டுமென்றே தப்புத் தப்பாக ஆடுவார். தேர்வுக்கு வந்தவர் அந்தத் தப்புகளைக் கண்டுபிடித்து, மாணவனிடம் பேசுவதுபோலவே பேசித் திருத்த வேண்டும்.

அவளுக்கு இது மூன்றாவது முறை. நாலாவது வாய்ப்பு என்று ஒன்று கிடையாது. ஆரம்ப மாணவி, மூத்த மாணவி என்று மளமளவென ஏறி வந்தவள் இந்த ஒரு படியில் வந்து மாட்டிக்கொண்டு முழிக்கிறாள்.

பகல் முழுக்கத் தொலைபேசியில் யார் யாரிடமோ திட்டு வாங்கி, "மன்னிக்கணும் ஐயா" என்று சொல்லும் வேலை அவளுக்கு. தேறிவிட்டால் அதற்கு ஒரு முழுக்குப் போட்டுவிட்டு இந்தப் பள்ளியிலேயே சேர்ந்துவிடலாம். இல்லையென்றால் நாளைக் காலை மறுபடியும் அதே நாற்காலி, அதே திட்டு.

போன முறையும் அந்த 'ஐயா'தான் காலை வாரியது. "ஐயா, தப்பா நினைக்கலேன்னா முட்டியைக் கொஞ்சம்..." என்று இழுத்தாள். "மாணவன்கிட்ட கெஞ்சற பயிற்றுநர் எங்களுக்கு வேண்டாம்மா" என்று மின்னல் அனுப்பிவிட்டார்.

இன்று கிளம்பும்போது கணவன் வாசல்வரை வந்தான். "அவரை மாஸ்டரா பாக்காதே. நம்ம பொண்ணை அதட்டற மாதிரி அதட்டு."

"அவர் வயசு தெரியுமா உனக்கு?"

"வேஷம் கட்டிட்டா வயசு ஏது? தம்பின்னே கூப்பிடு."

அன்றைக்கு அவள்தான் கடைசி ஆள். மரப்பெஞ்சில் உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு விட்டுப்போயிருந்தது. அவள் உள்ளே வந்தபோதே மின்னல் வலைமுகமூடியும் வாளுமாக நின்றுகொண்டிருந்தார். "வாம்மா, கத்தியை எடு" என்றதோடு சரி.

அவள் தோல் மார்க்கவசத்தை இறுக்கிக்கொண்டாள்.

"தம்பி."

மின்னல் அசையவில்லை.

"தம்பி, உன்னைத்தான். முட்டியைப் பாரு."

"யாரு, நானா?"

"வேற யாரு இருக்கா இங்க? முட்டி கால்விரலுக்கு நேரா இருக்கணும். இப்படி நின்னா மூட்டு தேஞ்சு போயிடும்."

முகமூடிக்குள் முகம் தெரியவில்லை. முட்டி மட்டும் மெதுவாக நேரானது.

அடுத்து அவர் பாய்ந்தார். கால் முன்னால் வந்தது, கை சாவகாசமாகப் பின்னால் வந்தது.

"முதல்ல கை நீளணும், அப்புறம்தான் கால். நீ வர்றது எதிராளிக்கு முன்கூட்டியே தெரிஞ்சுடுது பாரு."

"நான் எப்பவும் இப்படித்தான்..."

"எப்பவும் இப்படித்தான்னா எப்பவும் தப்புதான்."

தன் குரலைக் கேட்டு அவளுக்கே தூக்கிவாரிப்போட்டது. ஆனால் பிடித்திருந்தது. இத்தனை வருஷம் விழுங்கிய 'மன்னிக்கணும்' எல்லாம் வேறு உருவத்தில் வெளியே வருவதுபோல் இருந்தது.

மேஜையில் இன்னும் இரண்டு தேர்வாளர்கள் இருந்தார்கள். ஒருவர் தேநீர்க் கோப்பையை வாய்க்கருகில் கொண்டுபோனவர் அப்படியே வைத்திருந்தார். இருவருடைய பேனாவும் மூடி போட்டபடி சட்டைப்பையிலேயே இருந்தது. ஒரு வரிகூட எழுதிக்கொள்ளவில்லை.

எழுதிப் பார்க்கக்கூடத் தேவையில்லை என்று முடிவு கட்டிவிட்டார்கள் போலிருக்கிறது. உடம்பிலிருந்த கொஞ்சநஞ்சத் தெம்பும் வடிந்துவிட்டது. சரி, போவதுதான் போகிறோம், எல்லாவற்றையும் சொல்லிவிட்டே போவோம் என்று நினைத்துக்கொண்டாள்.

"பின்னங்குதிகால் ஏன் தூக்குது? தரையில ஊன்று. பஸ்ல கம்பியைப் பிடிச்சுத் தொங்கற மாதிரி கத்தியைப் பிடிக்காதே, விரலைத் தளர்த்து. குத்தறதுக்கு முன்னால தோளை வேற தூக்கறே. கடுதாசி போட்டுட்டா சண்டைக்கு வருவாங்க?"

"சரி" என்று முகமூடிக்குள்ளிருந்து சின்னதாக ஒரு குரல் வந்தது.

"சரின்னு சொன்னா போதாது. செய்."

அவள் தன் வாளை வேண்டுமென்றே கொஞ்சம் விலக்கி இடம் கொடுத்தாள். மின்னல் கையை நீட்டினார், பிறகு காலை வைத்தார். வாள்நுனி அவள் மார்க்கவசத்தின் நடுவில் பதிந்து, வாள் வில்லாக வளைந்தது.

"ம், இப்ப சரி. இன்னொரு தடவை."

"வேண்டாம்மா, போதும்" என்று மின்னல் மூச்சிரைக்கக் கையைக் காட்டினார். மேஜைப் பக்கம் திரும்பி, "தேர்ச்சின்னு போட்டுடுங்க. இதுக்கு மேல என்னால முடியாது" என்றார்.

அவளுக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. வாளைத் தாழ்த்தி வணங்கினாள். நாளைக் காலை யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டாம். சந்தோஷத்தில் வாய் சும்மா இருக்கவில்லை.

"தம்பி கிம்பின்னு வாய்க்கு வந்தபடி பேசிட்டேன், மாஸ்டர். ஆனா நடிப்புன்னா இதுதான் நடிப்பு! அசல் கத்துக்குட்டி தோத்தான், போங்க."

மேஜையில் ஒருவர் சட்டென்று கூரையைப் பார்க்க ஆரம்பித்தார். இன்னொருவருக்குத் தேநீர் புரையேறியது.

மின்னல் முகமூடியைக் கழற்றினார். வியர்வையைத் துடைத்துக்கொண்டு பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்து, களைத்த குரலில் சொன்னார்.

"நான் இன்னும் நடிக்க ஆரம்பிக்கவே இல்லம்மா."