நம்பத்தகாத சாட்சி

சாட்சிகளை நோண்டி நுங்கெடுப்பதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்பது இன்ஸ்பெக்டரின் நினைப்பு. லாரி முதலாளி கொலை வழக்கில் இன்று ஒரு குட்டை ஆசாமி தானாகவே வந்து மாட்டியிருந்தார்.

"லாக்கப்புல இருக்கிற தையல்காரர் கொல்லலை சார். பாவம், பிள்ளைகுட்டிக்காரர், விட்டுடுங்க" என்றார் ஆசாமி.

"ரிட்டயர்டான தலைமையாசிரியரே மாடியிலேர்ந்து பார்த்திருக்காரு. குத்தினவன் நல்ல உயரமாம்."

"அவருக்குக் கண்ணு சரியில்லை சார். நான் பக்கத்துலயே இருந்தேன்."

"எவ்வளவு பக்கத்துல?"

"கையெட்டுற தூரம்."

"கரண்ட் போன நேரம்யா அது! காதுல பூ சுத்தாதே. சரி, கத்தி எந்தக் கையில இருந்துச்சு?"

"இடது கையில சார்."

"தலைமையாசிரியர் வலதுன்னாரு. அவர் பொய் சொல்வாரா?"

ஆசாமி பொறுமையிழந்தார். பையிலிருந்து இடது கையால் ஒரு கத்தியை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"குத்தினதே நான்தான் சார்!"

இன்ஸ்பெக்டர் வெற்றிப் புன்னகையோடு ஏட்டைப் பார்த்தார்.

"பார்த்தியாய்யா? நோண்ட நோண்ட வண்டவாளம் வெளிய வருது. ஆள் கொலைகாரனாம்! கொலைகாரன் பேச்சை நம்பி, தலைமையாசிரியரைப் பொய்யராக்கணுமாம்!"

பிறகு ஆசாமியிடம் திரும்பினார்.

"போய் யாராவது நல்ல மனுஷனாப் பார்த்து சாட்சிக்குக் கூட்டிட்டு வா. போகும்போது இந்தக் கத்தியை எடுத்துட்டுப் போ!"